ஒன்பது மில்லி நொடி

திங்கள், காலை

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நலம். நீங்களும் நலமாக இருப்பதாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்கிறீர்கள். நம்பத்தான் ஆசை.

வாரம் தவறாமல் பேசிக்கொள்கிறவர்களுக்குள் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். ஞாயிறுதோறும் நாம் சேர்ந்து வாசிக்கும் அந்தப் பெட்டி வழியாக இதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. நீங்கள் வைத்துவிட்டுப் போன மைக் பொல்லாதது. நான் எச்சில் விழுங்குவதுகூட அந்தப் பக்கம் கேட்கும். போனில் கேட்டாலோ, "அப்புறம் பேசறேன், ஸ்டூடியோல ஆள் வந்தாச்சு" என்று வைத்துவிடுகிறீர்கள். காகிதம் என்றால் நான் முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேச முடியாது.

முதலில் வீட்டுச் செய்தி. பள்ளியில் வயலின் வகுப்புக்குப் புதிதாக ஆறு பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஆறு பேரும் வில்லை ரம்பம் மாதிரி பிடிக்கிறார்கள். குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. மாடி வீட்டு அம்மா போன வாரம் படியில் நிறுத்தி, "தனியா வாசிக்கிறீங்க, சரி. நடுநடுவுல நிறுத்தி யார்கிட்டயோ சிரிக்கிறீங்களே, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். ஹெட்போனில் நீங்கள் கிதார் வாசிப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

வெளியூர் ஸ்டூடியோ வேலைக்குக் கிளம்புவதற்கு முன், நீங்கள் வேலை பார்த்த இந்த ஊர் அரங்கத்தில் இருப்பது போன்ற பெட்டியை இங்கே ஒன்று வைத்து, இன்னொன்றை எடுத்துப் போனீர்கள். அரங்கத்தில் நாற்பது மைக்கின் சத்தத்தையும் ஒரே மெல்லிய நெட்வொர்க் கேபிளில் கொண்டுபோகிறார்கள், அதே வித்தையில் இரண்டு வீட்டையும் சேர்த்துவிடலாம் என்றீர்கள். வைஃபையில் சத்தம் தள்ளாடும் என்று கூடத்திலிருந்து அறை வரைக்கும் சுவரைத் துளைத்தீர்கள். திரையின் மூலையில் ஓடும் எண்தான் மில்லி நொடிக் கணக்கில் தாமதம், அது பத்து என்றால் நாம் மூன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்து வாசிப்பதற்குச் சமம் என்று கையால் அளந்து காட்டினீர்கள்.

நீங்கள் போனதிலிருந்து அந்த எண் நாற்பத்தொன்று. பதினான்கு மீட்டர். மெதுவான பாட்டுகளை மட்டும் வாசித்தோம். நாம் 'ஓட்டப்பந்தயம்' என்று பெயர் வைத்திருக்கும் அந்த வேகமான உருப்படியைத் தொட்டால் இரண்டாவது வரியிலேயே ஆளுக்கொரு பக்கம் போய்விடுவோம்.

மூன்று வாரத்துக்கு முன் நீங்களே, "இன்னிக்கு ஓட்டப்பந்தயம் ஓடிப் பாக்கலாமா?" என்றீர்கள். ஓடினோம். ஒரு இடத்திலும் பிசகவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. முடித்த பிறகுதான் திரையைப் பார்த்தேன். ஒன்பது. கேட்டதற்கு, "இங்க புது லைன் போட்டிருக்காங்க" என்றீர்கள்.

அரங்கத்தில் உங்களோடு வேலை பார்த்த மைக் அண்ணனிடம் விசாரித்தேன். அவர் தலையைச் சொறிந்தார். "லைன் எவ்வளவு புதுசா இருந்தாலும் ஊர் நகந்து கிட்ட வராதும்மா" என்றார். அப்படியானால் நீங்கள் கிட்டத்தில் எங்கோ இருக்கிறீர்களா?

சந்தேகம் ஒன்று வந்தால் தனியாக வருவதில்லை. இரண்டு வீட்டுக் கட்டுப்பாடும் ஒரே திரையில் தெரியும்படி நீங்கள்தானே அமைத்தீர்கள்? உங்கள் ஹெட்போனில் என் வயலின் முழுவதும் வலது பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது. இடது பக்கம் வெறுமை. முன்பெல்லாம் என்னை நடுவில்தான் வைத்திருப்பீர்கள். எனக்கு ஒரு காது போதும் என்றால் இன்னொரு காது யாருக்கு? பக்கத்தில் உட்கார்ந்து யாரோடு பேசிக்கொண்டே வாசிக்கிறீர்கள்?

போன ஞாயிறு, நீங்கள் சுருதி சேர்க்கும்போது பின்னால் ஒரு கனைப்பு கேட்டது. ஆண் கனைப்பு இல்லை. ஆண் எப்படிக் கனைப்பான், பெண் எப்படிக் கனைப்பாள் என்று நாள் முழுக்கக் காதால் பிழைக்கிற எனக்குத் தெரியும்.

நான் போகாதீர்கள் என்று சொன்னேன், நீங்கள் போனீர்கள். அதைப் பற்றி இனிப் பேச ஒன்றுமில்லை. ஆனால் எங்கே இருக்கிறீர்கள், யாரோடு இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரிய வேண்டும். ஸ்டூடியோ முகவரிக்கே இதை அனுப்புகிறேன். கையெழுத்தோடு பதில் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி (இன்னமும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்)

*

வியாழன், மதியம்

அன்புள்ள உங்களுக்கு,

இத்துடன் என் முந்தைய கடிதத்தையும் வைத்திருக்கிறேன். அது ஊர் சுற்றிவிட்டு என்னிடமே வந்தது. உறையின் மேல், இப்படி ஒருவர் இப்போது இங்கே பணியில் இல்லை என்று ஒரு முத்திரை. நீங்களோ அதற்கு முந்தின நாள்கூட ஸ்டூடியோவில் வேலை தலைக்கு மேல் இருப்பதாகச் சொன்னீர்கள். அந்த உறையை மடியில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு நான் செய்ததை மறைக்கப்போவதில்லை. போன ஞாயிறு, மாலை ஒரு மாணவி வருகிறாள், வழக்கமான ஐந்து மணி வேண்டாம், மூன்றரைக்கே வாசிக்கலாம் என்று சொன்னேன் அல்லவா? எந்த மாணவியும் வரவில்லை. ஞாயிறானாலும் நாலு மணிக்கு ரயில் பணிமனைச் சங்கு ஊதும். இந்த நகரத்தில் எந்த மூலையில் இருந்தாலும் கேட்கும். ஜன்னலையெல்லாம் அடைத்தேன். நாலுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது, நீங்கள் மட்டும் ஒரு தடவை வாசியுங்கள் என்று சொல்லி என் மைக்கை மூடிவிட்டேன். நாலு மணிக்குத் திரையில் உங்கள் மைக்கின் சத்த அளவைக் காட்டும் பச்சைப் பட்டை விறுவிறுவென்று ஏறியது. கிதாருக்கு மேலே, ஹெட்போனுக்குள், நம் ஊர்ச் சங்கு.

"லைன்ல ஏதோ இரைச்சல்" என்றீர்கள். இரைச்சலுக்கும் சங்குக்கும் வித்தியாசம் தெரியாத மாதிரி உங்கள் வாயிலிருந்து ஒரு பேச்சு வந்தது அதுதான் முதல் தடவை.

நாம் வாசிப்பதெல்லாம் பெட்டியில் பதிவாகிறது. மறுநாளே அதை எடுத்துக்கொண்டு மைக் அண்ணனிடம் போனேன். அரங்கத்துப் பெரிய ஸ்பீக்கரில் போட்டு, கிதாரைக் குறைத்து, பின்னால் இருப்பதைக் கூட்டினார். கூட்டக் கூட்ட, மின்விசிறி சுற்றும் சத்தம். தட்டு வைக்கும் சத்தம். பிறகு அந்தக் கனைப்பு. அதற்குப் பின்னால் ஒரு குரல்: "டேய், ஆறிப்போகுது. எந்திரிச்சு வா."

இந்த உலகத்தில் உங்களை 'டேய்' போடுகிற பெண் ஒருத்திதான். மைக் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் கேபிளைச் சுற்றத் தொடங்கினார்.

ஒரே ஊரில் இருந்தும் உங்கள் அக்காவும் நானும் பேசி மூன்று வருடம் ஆகிறது. என் வயலினைக் கதவுக் கீல் என்று அவர் நாலு பேர் முன்னால் சொன்னதை நான் மறந்துவிடவில்லை. அக்காவும் தம்பியும் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கிறீர்கள், என்னைக் கழற்றிவிட ஏதோ திட்டம் போடுகிறீர்கள் என்றே நினைத்தேன். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி, அவர் வீட்டுக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடை வாசலில் நின்றேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

பத்தரைக்கு நீங்கள் வெளியே வந்தீர்கள். கக்கத்தில் ஒரு பழுப்பு ஃபைல். இளைத்திருந்தீர்கள். தெருவைக் கடக்கும்போது இடப்பக்கமிருந்து ஒரு வேன் ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தது. நீங்கள் திரும்பவே இல்லை. உங்களை உரசிக்கொண்டு நின்ற வேன்காரர், "காது செவிடாய்யா?" என்று கத்தினார். அப்போதும் நீங்கள் அவர் இருந்த பக்கம் பார்க்காமல், எங்கிருந்து சத்தம் வருகிறது என்று வலது பக்கமே தேடினீர்கள்.

பிறகு மருந்துக்கடையைத் தாண்டி நடந்தீர்கள். உங்கள் இடது பக்கம், நாலடி தூரத்தில் நான். "என்னங்க" என்று கூப்பிட்டேன். நீங்கள் போய்க்கொண்டே இருந்தீர்கள்.

இரண்டாம் தடவை கூப்பிடாமல் தெருவைக் கடந்தேன்.

நேராக உங்கள் அக்கா வீட்டுப் படியேறினேன். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும், "அப்பாடா, வந்துட்டியா" என்றார். நான் சண்டைக்குப் போனவள். அவர் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். எல்லாவற்றையும் சொன்னார்.

"ஒரு நாள் காலைல எந்திரிச்சப்போ இடது காது அடைச்ச மாதிரி இருந்துச்சாம். குளிச்ச தண்ணி போயிருக்கும்னு அஞ்சாறு நாள் விட்டுட்டான். அதுக்குள்ள நரம்பு போயிடுச்சுன்னுட்டாங்க டாக்டர். ஒரு காதோட சவுண்ட் மிக்ஸிங் பாக்க முடியாதுன்னு ஸ்டூடியோல அனுப்பிட்டாங்க. ரெண்டு மாசமா இங்கதான் இருக்கான். உன்கிட்ட சொல்லச் சொல்லி எனக்கும் அவனுக்கும் தினம் சண்டை. 'போகாதன்னு அவ அவ்ளோ சொன்னா, இப்ப எந்த மூஞ்சியோட போய் நிப்பேன்'னு ஒரே பிடிவாதம்."

அப்போதும் நான் விடவில்லை. நீங்கள் இங்கே வந்த பிறகும் ஐந்து வாரம் திரையில் நாற்பத்தொன்று எப்படி ஓடியது என்று கேட்டேன். அவருக்கு அந்த எண்ணெல்லாம் தெரியாது. ஆனால் தெரிந்ததைச் சொன்னார். "தூரத்துல இருக்கற மாதிரி தெரியணும்னு அவனே பெட்டில என்னமோ தாமதம் சேத்து வெச்சிருந்தான். ஒரு ஞாயித்துக்கெழம, 'அக்கா, இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் காது வேலை செய்யுமோ, அவகூட ஒரே ஒரு தடவை ஒழுங்கா வாசிக்கணும்'னு அதை எடுத்துட்டான். வாசிச்சு முடிச்சுட்டு அரை மணி நேரம் சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான்."

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நான் உங்களைச் சந்தேகப்பட ஆரம்பித்தேன்.

முந்தைய கடிதத்தில் இன்னொரு காது யாருக்கு என்று எழுதியிருக்கிறேன். கிழித்துப் போடலாம் என்றுதான் எடுத்தேன். நீங்கள் மறைத்தது எனக்குத் தெரிந்துவிட்டது. நான் நினைத்தது உங்களுக்குத் தெரிய வேண்டாமா? படியுங்கள். படித்துவிட்டுத் திட்டுங்கள். வலது காது நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதாக அக்கா சொல்கிறார். அதையும் நான் முழுதாக நம்பவில்லை. உங்கள் வீட்டில் எல்லோருக்கும் இனிப்புத் தடவிப் பேசுகிற பழக்கம் உண்டு. அந்தப் பழுப்பு ஃபைலை நானே ஒவ்வொரு தாளாகப் பார்க்கும்வரை என் சந்தேகம் தீராது.

இந்தக் கடிதத்தை அக்கா கையில் கொடுக்கிறேன். நீங்கள் படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். நான் வந்து கூட்டிக்கொண்டு போக மாட்டேன். போனவர் நீங்கள்; நீங்களாகவே வர வேண்டும். பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, கிதாரையும் ஃபைலையும் மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள். தெருவைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் கண்ணால் பார்த்து வாருங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அது உங்களுக்கு மட்டும் சொந்தமானது இல்லை.

வாசல் மணி பழுதாகி ஒரு வாரம் ஆகிறது. ஞாயிறு மூன்று மணியிலிருந்து நான் வாசித்துக்கொண்டிருப்பேன். கதவைப் பலமாகத் தட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி