வஹீதா வீட்டுக் குழாயை வெட்ட வந்த நாள்

கீழ்மண்டி,
வியாழக்கிழமை.

அன்புள்ள என் வீட்டுக்காரர் ஜோசுவாவுக்கு, மெர்சி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

நானும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறோம். உங்கள் அண்ணன் எபினேசருக்கு வேலூரில் ஆபரேஷன் முடிந்தது. கையில் பிளேட் வைத்திருக்கிறார்கள். விரல் அசைகிறது. ஆனால் டேனரியில் ஈரத்தோல் தூக்கும் வேலைக்கு இனி போக முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மற்றதைப் போனில் சொல்ல முடியாது. நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் பக்கத்தில் யாராவது இருக்கிறார்கள். போலீஸ் ஸ்டேஷனில் தெருக்காரர்களின் போனை வாங்கி வாங்கிப் பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டு வஹீதாவின் அண்ணன் ஒவைஸ் எத்தியோப்பியாவில் உங்கள் டேனரிக்கே வேலைக்கு வருவதால் அவரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். படித்ததும் எரித்துவிடுங்கள்.

நம் தெரு கிடந்த கிடப்பைப் போன லீவில் பார்த்தீர்களே. சாக்கடைப் பைப் போடத் தோண்டியவர்கள் மூடாமலே போனார்கள். பேரூராட்சி ஆபீசில் கேட்டால் காண்ட்ராக்டரைக் கை காட்டுவார்கள். காண்ட்ராக்டர் தலைவரின் மச்சான். அவர் ஆபீசைக் கை காட்டுவார். ஆனால் வீட்டு வரியை மட்டும் ஏற்றிவிட்டார்கள். ரோடு போடும்வரை ஒருவரும் வரி கட்டுவதில்லை என்று உங்கள் அண்ணன் பேசி, தெருவே ஒத்துக்கொண்டது.

வஹீதாவுக்கு எட்டு மாதம். அன்று கம்பெனி வேலை விட்டு இரண்டு பேரும் ஷேர் ஆட்டோவில் வந்தோம். அவள் ஓரத்தில், நான் நடுவில். தண்ணீர் நின்றதால் பள்ளம் தெரியவில்லை. வண்டி அவள் பக்கமே சாய்ந்தது. நாங்கள் நாலு பேரும் அவள் மேல் விழுந்தோம். என் முழங்கை அவள் வயிற்றில் அழுந்தியது எனக்குத் தெரியும். ஆம்புலன்ஸ் தெருவுக்குள் வர முடியாமல் மெயின் ரோட்டிலேயே நின்றது. ஒரு வீட்டுக் கதவைக் கழற்றி அதில் படுக்கவைத்துத் தூக்கிப் போனோம். வழியெல்லாம் ரத்தம். பிள்ளை செத்தே பிறந்தது. ஆண் பிள்ளை.

அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே பில் கலெக்டர் ஆள் கூட்டி வந்து, வரி பாக்கி என்று அவள் வீட்டுத் தண்ணீர்க் குழாயை வெட்டப் போனார். முனை வீடு என்பதால் அங்கிருந்து ஆரம்பித்தார்களாம். உங்கள் அண்ணன் போய்க் குழாய் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "பெத்த வயிறு இன்னும் காயல, தண்ணிய நிறுத்த வந்துட்டியா? ரோட்ட போட்டுட்டு வா, வரிய நானே வாங்கித் தர்றேன்" என்றார். பில் கலெக்டர் தள்ளிப் போய் யாருக்கோ போன் செய்தார்.

காண்ட்ராக்டரின் வேன் வந்தது. ஐந்து பேர், கையில் கம்பி. அதில் ஒருவன் சூரியபிரகாஷ். உங்களோடு ஒரே பெஞ்சில் படித்தவன், நம் கல்யாணத்தில் விடியும்வரை பிரியாணி அண்டா பக்கத்திலேயே நின்றவன். அவன் வேலை பார்த்த டேனரி மூடிய பிறகு காண்ட்ராக்டரிடம் சேர்ந்தான் என்று சொன்னேனே. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அண்ணி, பசங்கள கூட்டிக்கினு உள்ள போ" என்றான்.

நான் போகவில்லை. முதல் அடி உங்கள் அண்ணன் தோளில் விழுந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. ஒவைஸ் குறுக்கே பாய்ந்தார், அவர் வாயில் அடித்தார்கள், பல் தெறித்தது. அடுத்த அடி அண்ணன் முன்கையில். விறகு முறிகிற மாதிரி சத்தம் கேட்டது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்ததைப் பார்த்தேன். அந்த அடி சூரியபிரகாஷ் அடித்தது.

ரோட்டுக்கென்று கொட்டி வைத்த ஜல்லி அங்கேயே கிடந்தது. பெண்கள் எல்லோரும் எடுத்து வீசினார்கள். வேன் கண்ணாடி நொறுங்கியது, சூரியபிரகாஷைத் தவிர மற்றவர்கள் ஓடினார்கள். நான் வீசவில்லை. பெரிய கல்லாகப் பார்த்து இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் அவன் முகத்தில் அடித்தேன். அவன் கம்பியைப் போட்டுவிட்டுக் குப்புற விழுந்தான். விழுந்தவனைப் புரட்டிப்போட்டு அடித்தேன். "அண்ணி, போதும் அண்ணி" என்றான். அதற்குப் பிறகும் அடித்தேன். எத்தனை அடி என்று கேட்காதீர்கள். ஒவைஸ் என் இடுப்பைப் பிடித்து இழுத்த பிறகுதான் நிறுத்தினேன்.

அவனுக்கு இடது கண் போய்விட்டது.

அவனை அடித்தது யார் என்று போலீஸ் கேட்டதற்கு, தெருவில் ஒருவர் விடாமல் பார்க்கவில்லை என்றார்கள். காண்ட்ராக்டர் ஆட்கள் இரண்டு பேரை உள்ளே போட்டிருக்கிறார்கள். கலெக்டர் ஆபீசிலிருந்து ஆட்கள் வந்தார்கள், டிவிக்காரர்கள் வந்தார்கள். மறுநாளே மிஷின் வந்து தார் ரோடு போட்டுவிட்டது. இவ்வளவுதான் வேலை. கிழடு கட்டைகூட வெளியே வந்து அதில் நடந்து பார்க்கிறார்கள். வஹீதா மட்டும் வாசலுக்கு வருவதில்லை. பில் கலெக்டர் திரும்பி வந்தார். இந்த முறை "அம்மா" போட்டுப் பேசினார். தெருவில் எல்லோரும் கட்டினோம், நானும் கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை சூரியபிரகாஷின் அம்மா ரங்கம்மாள் நம் வீட்டுக்கு வந்தார். தலைவரின் கட்சிக்காரர்கள் அவனிடம் வந்து அடித்தவர் பெயரைச் சொல்லு சொல்லு என்கிறார்களாம், அவன் யார் கேட்டாலும் தெரியாது என்கிறானாம். "யாருன்னு உனக்குத் தெரியும் மெர்சி. பெத்தவ கேக்கறேன், சொல்லு" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் தெரியாது என்றேன். என் கையைப் பிடித்தபடியே வெகுநேரம் அழுதார். நான் இழுத்துக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து எனக்குச் சோறு பிசையப் பிடிக்கவில்லை. ஸ்பூனில் சாப்பிடுகிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

ஊருக்கு வந்து சூரியபிரகாஷின் மற்ற கண்ணையும் எடுப்பேன் என்று போனில் கத்தினீர்கள். அப்போது அண்ணன் பக்கத்தில் இருந்ததால் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அந்த எண்ணத்தோடு வராதீர்கள். உங்கள் அண்ணனை அடித்தவன்தான், இல்லை என்று சொல்லவில்லை. லீவு கிடைத்து வரும்போது என்னை அவன் வீட்டுக்குக் கூட்டிப் போங்கள். தெருமுனைவரை இரண்டு தடவை போய்விட்டுத் திரும்பிவிட்டேன். உங்கள் பக்கத்தில் நடந்தால் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்று நினைக்கிறேன்.

அங்கே குளிர் ஜாஸ்தி என்று ஒவைஸ் சொல்கிறார். ஸ்வெட்டர் கொடுத்து அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள்ளுங்கள். யாரோடும் சண்டைக்குப் போகாதீர்கள். கர்த்தர் உங்கள் கைகளைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
மெர்சி.