மெல்லிய ஆணி

அன்பு மச்சானுக்கு,

ஐ.சி.யு.வுக்குள் என்னை இன்று விடமாட்டார்களாம். நர்ஸ் புனிதாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கழுத்தில் பட்டை இருக்கிறது, குனியாதீர்கள். அவரே பிடித்துக் காட்டுவார்.

கிளியனூரில் பைக்கோடு விழுந்ததை, திண்டிவனத்தில் மாமியிடம் சின்ன அடி என்றுதான் சொல்லியிருக்கிறேன். "அந்த பேஜாரு புடிச்ச வண்டிய வித்துடச் சொல்லு" என்கிறார்.

நேற்று ஆபரேஷனுக்கு முன் டாக்டர் கூப்பிட்டார்.

"நீதானம்மா நம்மூரு ஆளுங்க கழுத்தெலும்ப அளந்து ஆராய்ச்சி பண்ணிக்கினு இருக்கே? இந்த ஸ்கேனையும் பாத்துடு."

காலேஜில் எத்தனையோ காய்ந்த எலும்புகளை அளந்த கை, உங்கள் எலும்பின் படத்தை மூன்று முறை அளந்தது. உடைந்த எலும்பைப் பிடிக்க ஆணி இறங்கவேண்டிய இடம் புத்தகத்தில் இருப்பதைவிடக் குறுகல். ஒட்டினாற்போல் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்.

"இன்னும் மெல்லிசா போடுங்க சார்" என்றேன். அவரும் அளந்து பார்த்துவிட்டுச் சரி என்றார்.

இன்று மத்தியானம் டாக்டர் ஐ.சி.யு.விலிருந்து வெளியே வந்து, "வெரல அசைக்கிறாரும்மா" என்றார். படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். எந்தக் கை, எந்த விரல் என்று கேட்கத் தோன்றவில்லை.

நாளைக் காலை உள்ளே விடுவார்கள். நீங்கள் பேச வேண்டாம். என் கையைப் பிடித்தால் போதும், எல்லா விரலாலும்.

கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கும்
உங்கள் மனைவி