பீலிக்கு மேலே உட்கார்ந்திருந்த புலி

அன்பு மச்சான் முத்தையா,

நீ தெமோதரை மலையை விட்டுப் போய் ஏழு மாதமாகிறது. உனக்குக் கோபம் வரக்கூடிய சேதி ஒன்றை இத்தனை நாளும் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சிறுத்தைப்புலியை நான் கொல்லவில்லை. இனிக் கொல்லவும் மாட்டேன்.

காய்ச்சலில் கிடந்தபோதும் உன் செவலைக் கன்றைத்தானே நினைத்துப் புலம்பினாய்? தொழுவத்துக்குள் புகுந்து அதை அடித்த புலியை ஒழித்துக்கட்டச் சொன்னாய். உன் தலைமாட்டில் கற்பூரம் ஏற்றி, உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தேன். உனக்கு நிம்மதி வந்தது. எனக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் போனது.

ஐப்பசியில் அது என் வெள்ளாட்டையும் அடித்தது. பாதியைத் தின்றுவிட்டு மீதியை மேல்மலையில் மழைத்தண்ணீர் வடிகிற ஒரு கானுக்குள் போட்டுவிட்டுப் போயிருந்தது. மிச்சத்துக்குத் திரும்பி வருமென்று எனக்குத் தெரியும். ஹாலிஎலக் கடையில் பூச்சிமருந்து வாங்கிவந்து, சனிக்கிழமை பின்னேரம் அந்த இறைச்சியில் ஊற்றினேன். "இந்தா மச்சான், சொன்னதைச் செஞ்சிட்டேன்" என்று உன் குழிமேட்டுப் பக்கம் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன்.

அன்றைக்கு விடிய விடிய மழை.

ஞாயிறு காலை பல் விளக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். கான்களில் செம்மண் தண்ணீர் புரண்டு ஓடியது. இருபது வருடமாகக் கான் வெட்டுகிறவன் நான். மழைத்தண்ணீர் எந்தக் கானில் இறங்கி எங்கே போய் விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். ஆடு கிடந்த கான், நம் லயத்து வீடெல்லாம் தண்ணீர் பிடிக்கிற பீலிக் குழாயின் ஊற்றில் போய் விழுகிறது. அதை வெட்டியதும் நான்தான். கோபம் வந்தால் மனுசனுக்கு மூளை எங்கே போய்த் தொலைகிறது மச்சான்?

"லச்சுமி எங்க?" என்று பக்கத்து வீட்டில் கேட்டேன்.

"பீலிக்குப் போயி ரொம்ப நேரமாச்சுண்ணே."

உன் தங்கை அப்போது ஐந்து மாதம். குடத்தை வைப்பதற்கு முன்னால் இரண்டு கையாலும் ஏந்தி ஒரு வாய் குடிப்பாளே, உனக்குத் தெரியாதா? சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்தேன்.

பீலிக்குக் கொஞ்சம் தள்ளி எட்டுப் பெண்கள் வெறுங்குடத்தோடு நின்றார்கள். அவர்களில் லச்சுமியும் இருந்தாள்.

"தண்ணி குடிச்சியா? ஏய், குடிச்சியா?"

"கத்தாதீங்க. எங்க குடிக்கிறது? மேல பாருங்க" என்றாள்.

பீலிக்கு மேலே பாறையில் புலி உட்கார்ந்திருந்தது. மிச்ச ஆட்டைத் தேடி வந்த வழியில் பெண்களைப் பார்த்து நின்றிருக்க வேண்டும்.

"நாங்க போகட்டும்னு அது உக்காந்திருக்கு. அது போகட்டும்னு நாங்க நிக்கிறோம். விடிஞ்சதுலேருந்து இதே கூத்துதான்" என்றாள்.

என் கூச்சலில் அது எழுந்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தேயிலைக்குள் இறங்கிப் போய்விட்டது. பெண்கள் குடத்தைத் தூக்கினார்கள். குறுக்கே விழுந்து மறித்தேன். "வேணாம்! தண்ணியில வெசம்!" எல்லாவற்றையும் அங்கேயே சொன்னேன், சத்தியம் செய்தது உட்பட. பிறகு சேற்றில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன். ஒருத்தி வாயிலும் ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை, மச்சான்.

லச்சுமி அழவில்லை. "எங்கண்ணன் புலியத்தானே கொல்லச் சொல்லுச்சு? என்னையுமா கொல்லச் சொல்லுச்சு?" என்று கேட்டாள்.

அன்றைக்கே ஆட்டை ஆழமாகப் புதைத்தேன். கானை வெட்டி அந்தப் பக்கத்துப் பள்ளத்துக்குத் திருப்பிவிட்டேன். தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் ஐயா தண்ணீர் சரியென்று சொல்லும்வரை, கீழ்லயத்துப் பீலியிலிருந்து எட்டு வீட்டுக்கும் நானே தண்ணீர் சுமந்தேன். ஒவ்வொரு நடைக்கும் ஒவ்வொருத்தியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆட்டுக்கொட்டிலுக்கு இப்போது தகரக் கதவு போட்டாயிற்று. புலி இன்னும் இந்தப் பக்கம்தான் நடமாடுகிறது, ஆனால் கொட்டிலுக்குள் வரவில்லை.

நீ போன பிறகு தோட்டம் அரசாங்கத்தின் கைக்குப் போய்விட்டது, வெள்ளைக்காரத் துரையும் கப்பலேறிவிட்டார். மாசியில் லச்சுமிக்குப் பெண் பிறந்தாள். பிடிவாதம் அப்படியே உன்னுடையது, அழ ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள்.

சத்தியத்தை மீறிய பயல் என்று அங்கே என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாயா? நன்றாகத் திட்டு. உன் பேச்சைக் கேட்டு உன் தங்கையைப் பறிகொடுக்கப் பார்த்தேன். நீ கொல்லச் சொன்ன அந்தப் புலி குறுக்கே உட்கார்ந்ததால்தான் அவள் இன்றைக்குத் தொட்டிலாட்டுகிறாள். சொல்லிவிட்டேன். நெஞ்சு லேசாகிவிட்டது.

அவளை நான் குடம் தூக்கவிடுவதில்லை. இப்போது பீலிக்குப் போவது நான்தான், லயமே சிரிக்கிறது. பாறையில் அது உட்கார்ந்திருக்கும் நாளில், எழுந்து போகும்வரை பொம்பளைகளோடு நானும் வெறுங்குடத்தோடு நிற்பேன். இந்த வாக்கை உனக்குத் தருகிறேன் மச்சான். இதை மீறமாட்டேன்.

உன் தங்கச்சி புருஷன்,
உன் மருமகளைப் பெற்றவன்,
சன்னாசி