நானூறு கிராம்

சுர்பிஸ்,
7 நவம்பர் 2004

அன்புள்ள தம்பி ஜியானுக்கு, அக்கா உர்சினா எழுதுவது. இங்கே நானும் உன் மச்சான் ஃப்ளூரினும் நலம். போன கடிதத்தில் எவ்வளவு நலமாக இருந்தோமோ அவ்வளவு நலம். கனடாவில் உன் உடம்பும் கடை வேலையும் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். மின்னஞ்சல் அனுப்பினால் பாதியைப் படித்துவிட்டு "சரிக்கா" என்று ஒரு வரி போடுவாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

உன் பார்சல் வியாழக்கிழமை வந்தது. மேப்பிள் பாகு புட்டி உடையவில்லை. குட்டை ஸ்கீ ஜோடியும் பத்திரம். இப்படி ஒரு பரிசை ஃப்ளூரினுக்கு அனுப்ப உனக்கு எப்படித் தோன்றியதோ தெரியவில்லை. மூன்று அறுவை சிகிச்சைக்குப் பிறகும் வலது கால் இரண்டு விரற்கடை குட்டை. கோயில் படி ஏறவே கம்பு வேண்டும். மொட்டைத் தலையனுக்குச் சீப்பு வாங்கி அனுப்பியது போல இருக்கிறது. ஆனால் மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலையாக என் சமையல் தராசை எடுத்துவைத்து எடை பார்த்தார். காலைப் பூட்டும் கட்டுடன் சேர்த்து ஒன்று ஆயிரத்து எண்பது கிராம். "ஒரு ரொட்டி எடைதான் உர்சினா. இத முதுகுல மாட்டிக்கிட்டுப் பனிச்சறுக்குப் பலகையில இறங்கினா, இருக்கறதே தெரியாது" என்றார். பிறகு அடியைத் தடவிப் பார்த்து, ஓரத்து இரும்பை நகத்தால் சுரண்டிப் பார்த்து, சுவரில் சாய்த்துவைத்தார். அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அரைமணி நேரம் எனக்கு எப்படி இருந்தது என்று உனக்கு எழுதப் போவதில்லை.

பார்சலில் இருந்த விலைப்பட்டியலையும், அதில் நீ எழுதிய கட்டுரையையும் அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். பலகையில் சறுக்கி இறங்குகிறவர்கள், அதை முதுகில் சுமந்துகொண்டு மேலே ஏறுவதற்கு எந்த ஸ்கீயைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். நம் சமையலறை மேஜையில் உட்கார்ந்து நீ பேசியதெல்லாம் அப்படியே இருக்கிறது. காலில் ஏறும் எடை முதுகில் ஏறும் எடையைவிடப் பல மடங்கு களைப்பாக்கும். குட்டையாக இருந்தால் செங்குத்துச் சரிவில் சுலபமாகத் திரும்பலாம், நீளமாக இருந்தால் புதுப்பனியில் அமிழாது. பனிச்செருப்பு மாட்டி ஏறுகிறவர்களை நீ அப்போது என்ன பாடு படுத்துவாய்! "மச்சான், ரெண்டு காலுலயும் தோசைக்கல்ல கட்டிக்கிட்டு எங்க கெளம்பிட்டீங்க?" என்று ஃப்ளூரினைக் கேட்டுச் சிரிப்பாயே, அது இன்னும் காதில் இருக்கிறது. அந்தத் தோசைக்கல்லின் அடியில், உறைபனியில் வழுக்காமல் குத்திப் பிடிக்கும் இரும்புப் பற்கள் அதோடு சேர்ந்தே இருந்தன. மறந்து வைத்துவிட்டுப் போக முடியாது. நீ வாங்கச் சொன்ன ஸ்கீக்குப் பற்கள் தனி, எடுத்துப் போய் மாட்ட வேண்டும்.

கட்டுரையின் கடைசிப் பத்திக்கு வருகிறேன். "என் நண்பர் ஒருவர், பலசாலி, மலை மீட்புக் குழுவில் பதினான்கு வருடம் இருந்தவர், எடை கூடும் என்று இரும்புப் பற்களை வேண்டாம் என்றார். உறைந்த சரிவில் அவர் விழுந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் அந்தத் தவறைச் செய்யாதீர்கள்." பெயர் போடவில்லை. போடாவிட்டால் என்ன, இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்குத் தெரியாது? நீ எழுதியது உண்மைதான், இல்லை என்று சொல்லவில்லை. முதல்நாள் மாலை அந்தப் பற்களை அரத்தால் கூர்தீட்டி, என் சிவப்புக் கயிற்றால் கட்டிவைத்தவர் அவர்தான். மறுநாள் காலையில் கார் அருகே அவரே எடுத்துப் போட்டுவிட்டார் என்று நீ சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவர் தன் காலுக்கு வரும்போது மறந்துவிட்டார். இரண்டரை வருடமாக அதைச் சொல்லிக்காட்டாத நாள் எனக்கு இல்லை. ஆனால் நான் சொல்வது வேறு, அச்சில் வருவது வேறு. வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச வேண்டுமா தம்பி? கட்டுரையை அவருக்குப் படித்துக் காட்டினேன். "நல்லா எழுதறான்" என்று சொல்லிவிட்டு விறகு பிளக்கப் போனார். ஒற்றைக் காலில் ஊன்றிக்கொண்டு இருட்டும்வரை பிளந்தார். அடுத்த பதிப்பில் அந்தப் பத்தியை எடுத்துவிடு.

இன்னொரு செய்தி. மீட்புக் குழுவில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஓர் ஆள் தேடுகிறார்கள். அதற்கு ஓடியாடும் கால் வேண்டாம், தலையும் அனுபவமும் போதும். ஃப்ளூரின் எனக்குத் தெரியாமல் விண்ணப்பம் எழுதிப் போட்டிருக்கிறார். இந்த இரண்டரை வருடத்தில் அவர் தனக்காகக் கேட்ட ஒரே பொருள் இதுதான். குழுத் தலைவர் டூரியை ரொட்டிக் கடையில் பார்த்தபோது நானே வாய்விட்டுக் கேட்டேன். "ஃப்ளூரின் நல்ல மனுஷந்தாம்மா. ஆனா பல்லே இல்லாம மலைக்குப் போனவன் மத்தவனுக்கு என்னத்தச் சொல்லிக்குடுப்பான்? பசங்க சிரிக்க மாட்டானுங்களா?" என்றார். கடையில் நான்கு பேர் இருந்தார்கள். நான் ரொட்டியை வாங்காமலேயே வந்துவிட்டேன். டிசம்பர் மூன்றாம் தேதிக் கூட்டத்தில் முடிவு செய்வார்கள். டூரி சொன்னதில் தவறு இல்லை என்பதுதான் எனக்கு வலி.

நீ கேட்ட தோல் பூட்ஸ் பரணில் உன் பெட்டியில்தான் இருக்கும். அடுத்த வாரம் இறக்கி அனுப்புகிறேன். பனி கோயில்வரை இறங்கிவிட்டது. குளிரில் காதை மூடிக்கொண்டு போ.

அன்புடன்,
உன் அக்கா உர்சினா


சுர்பிஸ்,
13 நவம்பர் 2004

ஜியான்,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

நேற்று உன் பெட்டியை இறக்கினேன். பூட்ஸ் இருந்தது. இடது பூட்ஸ் காலி. வலது பூட்ஸுக்குள் நான் பின்னிக் கொடுத்த சாம்பல் நிறக் காலுறை, அதற்குள் கனமாக ஏதோ இருந்தது. உதறினேன். சிவப்புக் கயிற்றால் கட்டிய இரண்டு ஜோடி இரும்புப் பற்கள் தரையில் விழுந்தன. ஒரு ஜோடியில் ஃப்ளூரின் தன் பெயரின் முதல் எழுத்தை ஆணியால் கீறியிருந்தார். கயிற்றின் முடிச்சு அவர் போட்டது. அவிழ்க்கப்படவே இல்லை.

பரணிலேயே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அந்தக் காலைப்பொழுதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். நீ முதல்நாளே எங்கள் வீட்டில் வந்து தங்கினாய். சாமான்களை எல்லாம் எடை போட்டு, இருவருக்கும் பொதுவானதை ஒருவரே சுமப்பது என்று பிரித்துக்கொண்டீர்கள். கயிறும் அடுப்பும் ஃப்ளூரினுக்கு. பற்கள் இரண்டு ஜோடியும் உனக்கு. காலை ஐந்து மணிக்கு வாசல் அறையில் தோல் பூட்ஸைக் கழற்றிவிட்டுப் பலகைக்கான பூட்ஸை மாட்டினாய். ஃப்ளூரின் காரைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் உங்களுக்கு வால்நட் கேக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் பையிலிருந்து எடுத்துப் பூட்ஸுக்குள் திணித்திருக்கிறாய். கார் அருகே ஒன்றும் நடக்கவில்லை. கார் அருகே பற்களே இருக்கவில்லை.

நானூறு கிராம், ஜியான். இரண்டு ஜோடியும் சேர்த்து நேற்று நானே தராசில் வைத்துப் பார்த்தேன். நான் கட்டிக்கொடுத்த கேக் அறுநூறு கிராம். அதை நீ விட்டுவிட்டுப் போகவில்லை.

சாப்பாட்டு மேஜையில், பார்லி சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் பற்களை வைத்தேன். எதுவும் கேட்கவில்லை. ஃப்ளூரின் கரண்டியைக் கீழே வைத்தார். ஒரு ஜோடியை எடுத்துக் கூர்முனையைத் தடவிப் பார்த்து, "பரவால்ல, துருப் பிடிக்கல" என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவருக்கு இது புதுச் செய்தி இல்லை.

நான் கத்தினேன். மேஜையைக் குத்தினேன், சூப் சிந்தியது. அவர் மெதுவாகத்தான் சொன்னார். உறைந்த சரிவுக்கு வந்ததும் பற்களைக் கேட்டிருக்கிறார். நீ சிரித்துக்கொண்டே, "மச்சான், நானூறு கிராமு, வீட்லயே வெச்சிட்டேன். பத்து நிமிஷம் குறுக்கால போனாப் போதும், ஸ்கீ அடியில இருக்கற ஒட்டுத்தோலே பிடிச்சுக்கும்" என்றாயாம். அவர் திரும்பிவிடலாம் என்றிருக்கிறார். நீ, "பதினாலு வருஷம் மீட்புக் குழுவுல இருந்த ஆளு இதுக்குப் பயப்படலாமா?" என்றாயாம். முதுகில் இருந்த பலகையில் காற்று அடித்து, ஒட்டுத்தோல் வழுக்கி, இருநூறு மீட்டர் கீழே பாறைவரை போனார். "திரும்பியிருக்கணும் உர்சினா. கேலி பண்ணினான்னு போனேன் பாரு, அது என் தப்பு. அதுல அவனுக்குப் பங்கு இல்ல" என்றார். இப்போதும் உனக்காகத்தான் பேசுகிறார்.

அப்படியானால் நீங்கள் ஏன் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள் என்று அவரைக் கேட்டேன். சிந்திய சூப்பைத் துணியால் துடைத்தார். பிறகு சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன், நீ படித்துத்தான் ஆக வேண்டும். "ஆஸ்பத்திரியில நாலாவது நாள் கண்ணத் தொறந்தேன். நீ அவன் கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்த. அவன் ஏற்கெனவே எல்லாருகிட்டயும் சொல்லி முடிச்சிருந்தான். எனக்குக் காலு போச்சு. உனக்குத் தம்பியும் போகணுமா?"

உன் கையைத்தான் பிடித்திருந்தேன். நான்கு நாளும். உனக்கு ஆறுதல் சொன்னேன். "நீ என்னடா பண்ணுவ, அவரு பிடிவாதம் தெரிஞ்சதுதானே" என்று உன் தலையைத் தடவினேன். நீ என் மடியில் முகத்தை வைத்து அழுதாய். மூன்று வாரத்தில் கனடாவுக்குக் கிளம்பிவிட்டாய். வாசலில் கிடந்த உன் பூட்ஸைத் தூக்கிப் பெட்டியில் போட்டவள் நான்தான், உள்ளே பார்க்காமலேயே. அதன் பிறகு இரண்டரை வருடம், ஒவ்வொரு முறை அவர் படியில் தடுமாறும்போதும், ஒவ்வொரு முறை மீட்புக் குழுவின் ஹெலிகாப்டர் சத்தத்துக்கு அவர் தலையைத் தூக்கும்போதும், நான் அவரைக் குத்தினேன். "பல்ல விட்டுட்டுப் போன மகராசன்" என்று விருந்தாளிகள் முன்னால்கூடச் சொல்லியிருக்கிறேன். அவர் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருப்பார். அதை நினைத்தால் என் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருக்கிறது. நீ என்னை வைத்தே அவரை அடித்திருக்கிறாய்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. கனடாவில் பூட்ஸ் விற்காதா? நீ வேலை செய்வதே அந்தக் கடையில். இரண்டரை வருடம் கழித்து இந்தப் பழைய பூட்ஸை ஏன் கேட்டாய்? உள்ளே இருப்பதை மறந்துவிட்டாயா, அல்லது நான் கண்டுபிடிக்கட்டும் என்றே கேட்டாயா? மறந்துவிட்டாய் என்றால், ஒரு மனிதனின் காலையும் பெயரையும் கெடுத்தது உனக்கு மறந்துபோகும் அளவுக்குச் சின்ன விஷயம். கண்டுபிடிக்கட்டும் என்று கேட்டாய் என்றால், உன் வாயால் சொல்ல வேண்டியதைப் பரணில் ஏறி நான் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று விட்டிருக்கிறாய். இரண்டில் எது என்று எனக்கு எழுத வேண்டாம்.

டூரியிடம் போகக் கோட்டை மாட்டினேன். ஃப்ளூரின் கதவை மறித்து நின்றார், கம்பு இல்லாமல். "நீ போய்ச் சொன்னா, புருஷனுக்காகப் பொண்டாட்டி எதையோ கொண்டாந்து காட்டறான்னு ஆயிடும். அவன் சொன்னாச் சொல்லட்டும். இல்லன்னா விடு" என்றார். நான் விடப் போவதில்லை. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இதைச் சொல்ல வேண்டிய வாய் உன்னுடையது.

பூட்ஸ் இத்துடன் வருகிறது. வலது பூட்ஸில் உன் ஜோடிப் பற்கள் இருக்கின்றன. நான் வைக்கவில்லை. ஃப்ளூரின்தான் இன்று காலை உட்கார்ந்து அரம் போட்டு, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வைத்தார். அனுப்பாதீர்கள் என்றேன். "அங்கயும் ஐஸ்தானே இருக்கும்" என்றார். பெயரெழுத்துக் கீறிய மற்ற ஜோடி சமையலறை மேஜையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கூட்டம் முடியும்வரை அங்கேதான் இருக்கும்.

டிசம்பர் மூன்று, வெள்ளிக்கிழமை, மாலை ஏழு மணிக்குக் கூட்டம். உனக்கு அப்போது காலை பத்து மணி. டூரியின் தொலைபேசி எண் மாறவில்லை. சின்ன வயதிலிருந்தே உனக்கு அது மனப்பாடம். உன்னை நான் திட்டுவதற்காகக் கூப்பிடச் சொல்லவில்லை, மன்னிப்பதற்காகவும் இல்லை. அந்த மனிதர் கூட்டத்துக்குப் போகச் சட்டையை இப்போதே எடுத்து இஸ்திரி போட்டு மாட்டிவைத்திருக்கிறார். அந்தச் சட்டையைப் பார்த்துத்தான் கேட்கிறேன்.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். மலைக்குப் போனால் பற்களை மாட்டிக்கொள். உனக்கு அங்கே ஒன்று ஆகிவிட்டால் நான் அழ வேண்டும், தம்பி. இப்போது எனக்கு அழுகை வராது. அதற்கு முன்னால் டூரியைக் கூப்பிடு.

உர்சினா