செல்வியின் சிவப்பு

12-6-68, புதன்
காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. துணி காயவில்லை.
நான் வரைந்த கோவிலூர்க் குளம் படத்துக்கு ஃப்ரேம் போட்டாயிற்று. மதராஸ் கண்காட்சிக்குப் படம் தேர்ந்தெடுக்க வெள்ளியன்று ஒருவர் வருகிறார். இத்தனை வருட ட்ராயிங் டீச்சர் வேலையில் முதல் வாய்ப்பு.
கொழுந்தன் மனைவி செல்வி கொல்லையில் ஒரு பலகையில் பெயிண்டை அப்பிக்கொண்டிருக்கிறாள். செக்காலை ரோட்டில் கொழுந்தனின் பெயிண்ட் கடையில் விற்காமல் கெட்டிப்பட்டுப்போன எனாமல். சுவருக்குப் பட்டி பார்க்கும் தகடுதான் பிரஷ்.
"என்ன படம்?" என்றேன்.
"தெரியலக்கா. கை போற பக்கம் போறேன்."

14-6, வெள்ளி
வந்தார். என் குளத்தைப் பார்த்து, "ரொம்பச் சுத்தமான வேலைங்க." கை கழுவக் கொல்லைக்குப் போனவர் திரும்பவில்லை. காபி ஆறியது. போய்ப் பார்த்தால் செல்வியின் பலகை முன்னால் நிற்கிறார். சிவப்பு, மேலே திட்டுத்திட்டாய் மஞ்சள், கீறிய இடங்களில் கறுப்பு. உருவம் என்று ஒன்று கிடையாது.
"இது யார் போட்டது?"
செல்வி பாத்திரம் தேய்த்த சாம்பல் கையோடு எழுந்தாள். "நாந்தாங்க. சும்மா."
சும்மாவாம்!
அதை அனுப்பச் சொன்னார். என்னுடையது அடுத்த தடவை பார்க்கலாமாம்.

15-6, சனி
தலைவலி. மாவு அரைக்கவில்லை.
பலகை இப்போது கூடத்தில். என் வீட்டுக்காரர் ஆபீஸ் விட்டு வந்தவர், வெயிலுக்குப் பிடித்த குடையை மடக்காமலே அதன் எதிரே நின்றார்.
"என்ன அப்பிடிப் பாக்குறீக?"
"தெரியல. வயித்துக்குள்ள என்னமோ பண்ணுது."
என் படங்களுக்கு எப்போதும் "நல்லாருக்கு". வயிற்றுக்குள் ஒன்றும் செய்ததில்லை.

16-6, ஞாயிறு
எல்லோரும் அமராவதிபுதூர் கல்யாணத்துக்கு. தலைவலி என்று நான் மட்டும் தங்கினேன்.
அதன் முன்னால் உட்கார்ந்தேன், குறை கண்டுபிடிக்கத்தான். கிடைக்கவில்லை. எனக்கும் வயிற்றுக்குள் என்னமோ செய்தது. அதுதான் பொறுக்கவில்லை. பெருவிரலைச் சிவப்பில் அழுத்தி இழுத்தேன். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். கிழிந்து சுருண்டது.
மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் சிவப்பு.

17-6, திங்கள்
ஒருவழியாக மழை.
கூடம் பெருக்க வந்த செல்வி விளக்குமாற்றோடு நின்றுவிட்டாள். குனிந்து பார்த்தாள். பிறகு என் விரலை. திட்டட்டும் என்று காத்திருந்தேன்.
"நீங்களாக்கா? இங்குட்டு என்னமோ கொறையுதுன்னு ரோசிச்சுக்கிட்டே இருந்தேன். இப்பத்தான் சரியா இருக்கு."
கேலி இல்லை. அவளுக்குக் கேலி பேசத் தெரியாது.
"ஒங்க பேரையும் போட்டுருவமா?"
"வேணாம்."
வேண்டுமென்று கெடுக்கத்தான் செய்தேன் என்றாவது சொல்லியிருக்கலாம்.

19-6, புதன்
ஏழாம் வகுப்புக்கு மாம்பழம் வரையச் சொல்லிக்கொடுத்தேன், நிழலோடு. வரும்போது வாங்கிய கத்தரிக்காய் சொத்தை.
பலகையைக் கோணியில் சுற்றி லாரி ஷெட்டுக்கு அனுப்பியாயிற்று. சாயங்காலம் என் வீட்டுக்காரர் காலிச் சுவரைப் பார்த்து, "போயிருச்சா?" என்றார். குடையை ஆணியில் மாட்டியபடியே, "அந்தச் செவப்பு கிழிஞ்சு சுருண்ட எடம் இருந்துச்சே, பாத்தியா? அதுதான் படமே. செல்விக்கு எப்பிடித்தான் தோணுச்சோ!"
காபியை ஆற்றிக் கொடுத்தேன்.