வராத வெளிச்சத்துக்கு அழுத்திய பொத்தான்

மார்ச் 3

கண் சொட்டு மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியில் முட்டைகளுக்குக் கீழே அல்ல, மேலே வைப்பது என்று இன்று வீட்டில் முடிவெடுக்கப்பட்டது. நீண்ட விவாதம். மனைவி ஆதரவு, நான் எதிர்ப்பு. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மருந்து கண் அழுத்த நோய்க்கு. ஆரம்ப நிலை என்கிறார்கள். கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் வழி அடைத்துக்கொண்டு, அழுத்தம் ஏறி, பின்னாலிருக்கும் நரம்பை ஓசையில்லாமல் தின்னுமாம். வலி கிடையாது. மருந்து போட்டால் கண் மட்டும் சிவக்கிறது. ஓட்டுநர் உரிமத் தேர்வுக்கு வந்த ஒருவர், பக்கத்து இருக்கையில் அதிகாரியாக உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "சார், வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்றார். அவருக்குத் தேர்ச்சி கொடுக்கவில்லை. அதற்காக அல்ல, நிறுத்தக் கோட்டைத் தாண்டினார்.

மார்ச் 10

மருத்துவர் அம்மா வழிகளைச் சொன்னார். சொட்டு மருந்தைத் தொடரலாம். லேசர் போடலாம். எனக்குக் கண்புரையும் தொடங்கியிருப்பதால், அதை எடுக்கும்போதே வடிகால் வாயில் கடுகிலும் சிறிய குழாய் ஒன்றைச் செருகிவிடலாம். தையல் இல்லை. அன்றே வீடு.

"ஆரம்பத்துல இருக்கிறவங்களுக்குத்தான் இது. முத்திப்போச்சுன்னா பெரிய ஆபரேஷன்தான் சார். போன பார்வையை எதுவும் திருப்பித் தராது."

நான் எந்த ரகம் என்பதை ஒரு பார்வைப் பரிசோதனை சொல்லுமாம். பக்கப் பார்வை குறைந்தவனை அலுவலகம் தேர்வு வண்டியில் ஏற்றாது. ஆகவே நல்ல மதிப்பெண் வாங்கியாக வேண்டும்.

மார்ச் 14

வெள்ளைக் கிண்ணம் ஒன்றுக்குள் முகத்தை வைத்து நடுப் புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரங்களில் வெளிச்சப் பொட்டு மின்னும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். கொஞ்ச நேரம் எதுவும் மின்னவில்லை. இருபது வருடமாகத் தேர்வு வைப்பவனுக்குக் கேள்வித்தாளின் போக்கு தெரியாதா? ஒரு தாளம் பிடிபட்டது. தாளத்துக்கு அழுத்தினேன்.

இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சார், லைட்டே வராதப்பவும் அழுத்தியிருக்கீங்க."

"வரும்னு எதிர்பார்த்தேன்மா."

"இது செல்லாது சார். அடுத்த வாரம் வந்து மறுபடி பண்ணுங்க."

கவனிக்க: தோல்வி என்று அவள் சொல்லவில்லை.

மார்ச் 21

போகவில்லை. வேலை.

மார்ச் 28

போகவில்லை. மழை.

ஜூன் 6

சொட்டு மருந்து வாரத்தில் பாதி நாள் மறந்துபோகிறது. மனைவி இன்று பிடித்துக்கொண்டாள். "ஊருக்கெல்லாம் ஃபெயில் போடறீங்க. உங்களுக்கு ஒண்ணு வாங்கிக்க அவ்வளவு ரோஷமா?"

ஓட்டுபவனுக்குத்தான் கண் வேண்டும், பக்கத்தில் உட்கார்பவனுக்குத் தீர்ப்பு போதும் என்றேன். சிரிக்கவில்லை. நல்ல வாக்கியம், வீணாகிவிட்டது.

அக்டோபர் 17

தேர்வுக்கு வந்தவர் ஒரு தையற்கார அம்மா. நன்றாகத்தான் ஓட்டினார். சந்தை வளைவில் திடீரென்று பிரேக். காரணமில்லாத நிறுத்தம், மதிப்பெண்ணை வெட்டினேன்.

"சார், அந்தக் குழந்தை..."

"எந்தக் குழந்தை?"

என் ஜன்னலுக்கு வெளியே. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண். இடது கதவோடு ஒட்டினாற்போல். கையை நீட்டினால் தொடலாம். எப்ப வந்தா? எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு? என் காலடியிலயும் ஒரு பிரேக் இருக்கே — எதுக்கு வெச்சுக் குடுத்திருக்காங்க? இந்த அம்மா பாக்கலேன்னா?

வெட்டியதை அடித்துவிட்டுத் தேர்ச்சி போட்டேன்.

அக்டோபர் 18

தேர்வு வண்டியில் ஏறவில்லை. மனைவியோடு நேரே மருத்துவமனை. பொட்டு தெரிந்தால் மட்டும் அழுத்தினேன். பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"இப்ப கரெக்டா பண்ணீங்க சார்" என்றாள் அதே பெண். இவ்வளவு மோசமான விடைத்தாளுக்கு யாரும் என்னைப் பாராட்டியதில்லை.

வலது கண்ணின் படத்தில் ஒரு மூலை மட்டும் கறுப்பு. இடது கண்ணில் பாதிக்கு மேல். "மார்ச்ல இது எவ்வளவு இருந்துச்சுன்னு தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார் மருத்துவர். நான் சுவரைப் பார்த்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். இனி தேர்வு வண்டியில் ஏற முடியாது என்று அலுவலகத்துக்கு நானே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 20

வலது கண்ணில் புரையை எடுத்து, குழாயை வைத்தார்கள். ஒரு தேநீர் ஆறும் நேரம்தான். பெருமைக்குரிய பொருள் ஒன்றை உடம்பில் வைத்திருக்கிறேன், யாருக்கும் காட்ட முடியாது. மனைவி என் கையைப் பிடித்துப் படியிறக்கினாள். தேவையில்லை என்று சொல்லவில்லை.

டிசம்பர் 12

வலது கண்ணில் அழுத்தம் பதினான்கு, நல்ல கண்ணுக்குரிய அளவு. அதற்குச் சொட்டு மருந்தை நிறுத்தியாயிற்று. அலுவலகத்தில் என்னை எழுத்துத் தேர்வு அறைக்கு மாற்றிவிட்டார்கள். இடது கண்ணுக்குக் குழாய் போதாது. பெரிய அறுவை சிகிச்சை, ஜனவரி ஏழு.