ஊரா என்று கேட்டேன்

அக்கா,

நேற்று மகளின் செல்போனில் அந்தப் பழைய டிவிப் போட்டி ஓடியது. அதன் பாட்டுச் சத்தம் கேட்டதும் அடுப்பிலிருந்த சோற்றை மறந்துவிட்டேன். நாலு பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு, வந்திருப்பது யார், என்ன வேலை செய்கிறவர் என்று கேள்வி கேட்டே கண்டுபிடிப்பார்களே, அதுதான். வந்தவர் ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்லலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லாரி ஓட்டும் பொம்பளை வந்தாள். நாலு பேரும் தோற்றுப்போனார்கள். பம்பாய் வரை ஓட்டுவேன் என்று அவள் சொன்னபோது நாம் இருவரும் வாயைப் பிளந்தோம். "நாம போய் உக்காந்தாலும் கண்டுபுடிக்க மாட்டாங்க புள்ள. நம்மள யாருக்குத் தெரியும்?" என்று சிரித்தீர்கள்.

பிறகு தறிப்பட்டறையிலும் அதையே ஆடினோம். அந்தச் சத்தத்தில் பேச்சு கேட்காது. நீங்கள் மனதில் ஒன்றை நினைத்துக்கொள்ள, நான் கேள்வியை வாயசைப்பேன். நீங்கள் எதிர்த்தறியில் நூல் தீர்ந்த தாரை மாற்றிக்கொண்டே தலையாட்டுவீர்கள். அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டு ஒரே வீட்டில் அடைந்து கிடந்த நமக்கு அது ஒன்றுதான் போக்கு.

வாதம் வந்து உங்களுக்குப் பேச்சு போனபோதும் நான் அப்படித்தான் கேட்டேன். பொருளா? இல்லை. ஆளா? இல்லை. ஊரா? ஆமாம். ஜலகண்டாபுரமா என்றதும் உங்கள் கண் நிறைந்துவிட்டது. உங்கள் தம்பி கல்யாணச் சீர்த் தகராறில், பன்னிரண்டு வருஷமாக உங்கள் வீட்டுக்காரர் போகவிடாத பிறந்த வீடு.

அவர் வாசற்படியில் நின்றிருந்தார். "என்னவாமா அவளுக்கு?"

"தண்ணி கேக்கறாங்க மாமா."

நீங்கள் என்னையே பார்த்தீர்கள். டம்ளரை உதட்டில் வைத்தேன். நீங்கள் வாயைத் திறக்கவில்லை. நீங்களும் அவருக்குப் பயந்தவர்தானே என்று மனதைத் தேற்றிப் பார்த்தேன். தேறவில்லை.

அந்த வாரமே கண்ணை மூடிவிட்டீர்கள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போர்த்தாமல் எடுக்கக் கூடாது என்று மாமாவே ஆள் அனுப்பினார். சேலையோடு வந்து வெளியே தயங்கி நின்ற உங்கள் தம்பியை, "உள்ள வாங்க மாப்பிள்ளை" என்று அவர்தான் கூப்பிட்டார்.

கோடியைப் போர்த்திவிட்டுத் தம்பி என்னிடம் கேட்டார்: "எங்கக்கா கடைசியா ஏதாச்சும் கேட்டாங்களாங்க?"

மாமா பக்கத்தில்தான் இருந்தார். இல்லை என்று தலையாட்டினேன்.

தம்பி இன்னும் அதை நம்பிக்கொண்டிருக்கிறார். பஸ் ஏறினால் போகிற தூரம்தான். என்ன சொல்லி மாமாவிடம் கேட்டுப் போவது? தறி முன்னால் நின்று, யாருக்கும் கேட்காத அந்தச் சத்தத்துக்குள், தினமும் எதிரில் இல்லாத உங்கள் தம்பியிடம் சொல்லிப் பார்க்கிறேன், அக்கா: "உங்கக்கா ஊட்டுக்கு வரோணும்னு கேட்டாங்க."